ஆலமரத்துச் சாக்கு

பாலித்தீன் பை பறந்தாலே நாலு காலையும் தூக்கிக்கொண்டு துள்ளும் குதிரைக்குட்டி பவளம், அன்று மணல் லாரி உரசிக்கொண்டு போனபோதும் சும்மா நடந்தது. இளமதிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்மாய்க் கரையில் திரும்பிய பிறகுதான், பவளம் மூக்கை விரித்து எதையோ மோப்பம் பிடித்துக்கொண்டே நடப்பதைக் கவனித்தாள்.

இளமதியும் கணவன் குணசேகரனும் கீரமங்கலம் பக்கம் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர்கள். பவளத்தின் தாய், குட்டி போட்ட அன்றே செத்துப்போனது. புட்டிப் பால் கொடுத்து, கொசுவலைக்குள் படுக்கவைத்து வளர்த்தவள் இளமதி. பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை; நாலு வயதாகியும் அவளுக்கு அது குட்டிதான். அந்தச் செல்லப்பிள்ளை, ஊர்வலத்துக்குப் பழக்கிய முதல் நாளே வேட்டுச் சத்தத்தில் மிரண்டு மாப்பிள்ளைத் தோழனைச் சாக்கடையில் தள்ளிவிட்டது. குணசேகரன் முடிவாகச் சொல்லிவிட்டான்.

“இன்னைக்கு மிரளாம கண்மாயச் சுத்தி வந்துருச்சுன்னா இங்கயே இருக்கட்டும். இல்லாட்டி நாளைக்கு யாவாரி வேன் வருது மதி, வித்து ஏத்தி விட்டுருவேன்.”

அதனால்தான் சாயங்கால வெயிலில் இந்தச் சவாரி. தைலமரக் காட்டை ஒட்டிய வண்டிப்பாதையில் சருகுகள் குளம்புக்கடியில் நொறுங்க, தைல வாசனைக்கு நடுவே இன்னொரு வாடை மெல்லக் கிளம்பி வந்தது. சீம்பால் திரிந்து, அதில் ரத்தம் கலந்து, பல நாள் மூடிவைத்துத் திறந்தால் வரும் வாடை. துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். துணியைத் தாண்டி அது நாக்கில் ஒட்டியது. காறித் துப்பினாள், போகவில்லை.

கரை முடிவில் ஆலமரம். பசு கன்று போட்டதும் விழும் நஞ்சுக்கொடியை வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டி, பால் நிறையச் சுரக்கட்டும் என்று ஊரார் தொங்கவிடும் மரம் அது. கிளைக்குக் கிளை மூட்டைகள். பழையவை காய்ந்து சுருங்கியிருந்தன. புதியவற்றில் ஈக்கள் அப்பியிருந்தன. ஒரு குழி தோண்டிப் புதைத்தால் இவர்கள் கை தேய்ந்துவிடுமா? இந்தப் பக்கம் அவள் வருவதே இல்லை. திருப்பலாம் என்று லகானை இழுத்தாள். குட்டி கேட்கவில்லை. நேராகப் போய் ஒரு மூட்டைக்கு அடியில் நின்றது.

நிறம் வெளுத்த சாக்கு. அவர்கள் வீட்டுத் தீவனச் சாக்கு. பழையதுதான், ஆனால் உப்பியிருந்தது. அதன் மூலையிலிருந்து ஒரு சொட்டு அவள் முழங்கையில் விழுந்தது. மஞ்சளாக, வெதுவெதுப்பாக. துடைத்தபோது கோந்தாக இழுபட்டது.

பவளம் கழுத்தை நீட்டி அந்த மூலையை வாயில் கவ்வியது. சப்பத் தொடங்கியது. புட்டியைச் சப்பிய அதே சத்தம்.

கீழே குதித்துக் கணவனுக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, தாய்க்குதிரையோட கொடிய என்ன பண்ணீங்க?”

“இப்ப எதுக்கு அது?”

“சொல்லுங்க!”

“தாய் செத்துட்டா அதோட குழியிலயே போட்டுரணும்னாங்க. நான் பழக்கதோசத்துல ஆலமரத்துல கட்டிட்டேன். எம்புட்டு வருசமாச்சு, காஞ்சு சருகாயிருக்கும்.”

காயவில்லை. மூச்சு விடுவதுபோல் சாக்கு ஏறி இறங்கியது.

அருவருப்பையும் மீறி அவளுக்குப் பொறாமை பொங்கியது. கடிவாளத்தை இரு கையாலும் பிடித்து இழுத்தாள்.

“பவளம், வாடி! நான்தாண்டி ஒன்ன வளர்த்தேன்!”

குட்டி வாயை எடுத்தது. அதோடு சாக்கும் கிழிந்தது.

உள்ளே வைக்கோல் இல்லை. நாக்கு இருந்தது.

சாம்பல் நிறத்தில், நீளமாக, எச்சில் வழிய வெளியே வந்து பவளத்தின் நெற்றியை நக்கியது. பிறந்த குட்டியைத் தாய் நக்கிச் சுத்தம் செய்யும் விதத்தில். நிதானமாக. நக்கிய இடத்தில் ரோமம் வழுக்கிக்கொண்டு போனது. அடியில் பச்சைத் தோல். நீல நரம்பு. மறுபடி நக்கியது. கண்கள் ஒட்டி மூடிக்கொண்டன. பவளம் உதறவில்லை. சுகமாக முனகியது.

“பவளம்!”

திரும்பிப் பார்க்கவில்லை.

கழுத்து இளைத்தது. கால்கள் குறுகின. கடிவாளம் தளர்ந்து அவள் கையோடு வந்துவிட்டது, கொழகொழவென்று. சேணம் பொத்தென்று விழுந்தது. சாக்கின் கிழிசல் அகன்றது. தலை போனது. தோள் போனது.

அவள் பின்னங்காலைக் கட்டிப்பிடித்தாள். எலும்பு இல்லை. விரலிடுக்கில் நழுவியது.

மேலே கயிறு முறுகியது. சாக்குக்குள் சப்பும் சத்தம். வெளியே வால் மட்டும் தொங்கியது, நனைந்து. அதையும் அந்த நாக்கு நக்கி நக்கி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.