பெரியப்பாவுக்கு வராத காற்று

உறையூர் செல்லாயி மஹாலில் முகூர்த்தத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எண்ணூறு பேர் பட்டும் சரிகையுமாக உட்கார்ந்திருக்க, மண்டபத்துக்காரி அபரஞ்சி மட்டும் சுவரிலிருந்த கரிமமானியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு அலகு. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

பழைய கட்டடங்களுக்கெல்லாம் அரசு கெடு வைத்திருந்தது. ஒரு கல்யாணத்துக்கு நாற்பது அலகுக்கு மேல் கரி கக்கினால் மண்டபத்துக்குப் பூட்டு. அப்பா கட்டியதை இடித்துப் புதிதாகக் கட்ட அவளுக்கு வழியில்லை. அதனால், காலி நாற்காலிக்கும் தூணுக்கும் சேர்த்துக் குளிரூட்டிக்கொண்டிருந்த இருபது ஏசிகளையும் கழற்றிவிட்டு, ஆள்குளிரியைப் பொருத்தியிருந்தாள். நாற்காலிக்கு ஒன்றாகக் கூரையில் குழல்கள். கீழே இருப்பவரின் ரத்தம் சூடேறினால் அவர்மேல் மட்டும் குளிர்காற்று விழும்; மற்றவர்களுக்கு மின்விசிறியே போதும். இன்றைய கல்யாணம்தான் பரீட்சை. அரசின் கண்காணிப்பாளர் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்து மானிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் பெரியப்பா கோதண்டம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாசல்ல என்னைய ஒருத்தர்கூட வாங்கன்னு சொல்லலை. தாலி கட்டுறதை அப்புறம் பாத்துக்கலாம்."

பெண்ணின் அப்பா பதறிப்போய் ஓடிவந்து கையைக் கூப்பினார். அவர்மேல் காற்று கொட்டியது. பெண்ணின் மாமா எகிறினார், அவர்மேலும் கொட்டியது. மாப்பிள்ளையின் அத்தைமார்கள் சும்மா இருப்பார்களா? வரிசை வரிசையாகக் குழல்கள் திறந்தன. மானி முப்பது, முப்பத்தைந்து என்று ஏறியது. ஒரு 'வாங்க' சொல்லாததற்கு அப்பாவின் மண்டபம் போகப்போகிறதே என்று அபரஞ்சிக்கு அழுகை முட்டியது. கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார்.

மாலையும் கழுத்துமாக மணப்பெண் வெண்பா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். கோதண்டத்தின் எதிரே நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள். அபரஞ்சியும் பார்த்தாள். சபையே குளிரில் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் தலைக்கு மேலிருந்த குழல் மட்டும் மூடியே கிடந்தது. துண்டின் நுனிகூட அசையவில்லை.

"என்ன பெரிய மாமா, உங்களுக்கு மட்டும் காத்தே வரலையே. கோவமே இல்லையா?"

யாரோ ஒரு அத்தைதான் முதலில் சிரித்தாள். அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று சொல்வது கடினம். சிரிக்கச் சிரிக்கச் சூடு தணிந்து, குழல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. கோதண்டமும் எவ்வளவு நேரம்தான் முறைப்பார்?

"பெரியப்பான்னு ஒருத்தன் கோவிச்சுக்கலைன்னா எவன்மா மதிப்பான்?" என்று அவரும் சிரித்துவிட்டார்.

கடைசிப் பந்தி எழுந்தபோது மானி முப்பத்தொன்பதில் நின்றது. கண்காணிப்பாளர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அபரஞ்சிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பரிமாறியவர்களையெல்லாம் உட்காரவைத்துத் தானே பாயசம் ஊற்றினாள்.

பத்தாம் நாள் காலையில் கோதண்டம் மறுபடி வந்தார். ஆவணியில் இளைய தம்பி மகனுக்கும் இதே மண்டபத்தில்தான் கல்யாணமாம். அதுவரை தினமும் வந்து அந்த முன்வரிசை நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று கேட்டார்.

"எதுக்குங்க?"

"பழகிக்கணும்மா. இந்தத் தடவை நெசமாவே கோவம் வரணும்."

அபரஞ்சி சிரித்துக்கொண்டே வாசலைப் பார்த்தாள். துண்டும் தோளுமாக இன்னும் ஆறு பெரியப்பாக்கள் வரிசையில் நின்றார்கள்.