நாலு வருஷக் கையெழுத்து

போன் அலறியது!

காலை ஒன்பது ஐந்து. அமெரிக்காவின் ஈரி நகரத்து ஏரிக்காற்று ஜன்னல் கண்ணாடியை உலுக்கிக் கொண்டிருந்தது. நாடின் ஹலூஸ்கா எடுத்தாள்.

"ப்ரெல் ஸ்ட்ரக்சரல் இன்ஜினீயர்ஸ்..."

"டிடெக்டிவ் ரஸ்னாக் பேசறேன். வெஸ் டாலிவர் உங்க ஆபீஸ்தானே?"

"ஆமா மேடம். இன்னும் வரல."

"வர மாட்டார்மா..."

நாடினின் காபி மேஜையெல்லாம் ஓடியது.

நகரசபையின் கார் பார்க்கிங் கட்டடம். ஐந்தாவது தளத்திலிருந்து விழுந்திருக்கிறான். நேற்று மாலை ஆய்வுக்குப் போனவனை இன்று காலையில்தான் கண்டெடுத்திருக்கிறார்கள்... பனிக் குவியலுக்குள்ளிருந்து!

வெஸ். இருபத்தேழு வயது. நாடின் பரீட்சை பாஸானதற்கு ஒரு டஜன் டோனட் வாங்கி வந்து, அதில் எட்டைத் தானே தின்ற வெஸ்.

அவளுக்கு அழுகை வரவில்லை. சிந்திய காபியைத் துடைத்துக் கொண்டே இருந்தாள்.

அரை மணியில் ரஸ்னாக் வந்து நின்றாள். ஐம்பது வயது. பூட்ஸெல்லாம் பனிச் சேறு.

முதலாளி கார்டன் ப்ரெல் கண்ணைத் துடைத்துக் கொண்டார்.

"கால் தவறியிருக்கும். கவனமே கிடையாது அவனுக்கு. எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்..."

"நேத்து நீங்க அங்க போனீங்களா?"

"நானா? அந்தப் பக்கமே போகல!"

"வெஸ்ஸுக்கு ஏதாவது பிரச்சினை இருந்துதா?"

நாடின் இல்லையென்று தலையாட்டினாள். "பிரச்சினையா! சந்தோஷத்துல இருந்தார் மேடம். நாலு வருஷம் முடிஞ்சுடுச்சு. சார் கையெழுத்துதான் பாக்கி."

"என்ன நாலு வருஷம்?"

"காலேஜ் முடிச்சதும் ஆறு மணி நேரப் பரீட்சை ஒண்ணு எழுதணும். பாஸானா பயிற்சிப் பொறியாளர்னு சான்றிதழ். எனக்குப் போன வாரம்தான் வந்துது. அப்புறம் லைசென்ஸ் உள்ள இன்ஜினீயர்கிட்ட நாலு வருஷம் குப்பை கொட்டணும். அவர் கையெழுத்து போட்டாத்தான் ரெண்டாவது பரீட்சை. அதுவும் பாஸானா லைசென்ஸ், கட்டட வரைபடத்துல குத்தறதுக்குச் சொந்த முத்திரை."

"அடேயப்பா! துப்பாக்கி லைசென்ஸ் எனக்கு ஒரே மத்தியானத்துல கொடுத்தாங்க!"

 ரஸ்னாக் தன் கார்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். ப்ரெல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டார்.

நாடின், வெஸ்ஸின் அம்மா நம்பரைத் தேடி அவன் மேஜை இழுப்பறையைத் திறந்தாள்.

நம்பர் இல்லை. படிவம் இருந்தது.

இன்ஜினீயர் லைசென்ஸ் வாரியத்துக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பம். நான்கு வருட வேலையையும் பொடி எழுத்தில் நிரப்பியிருந்தான். பாலங்கள்... பள்ளிக்கூடக் கூரை... பார்க்கிங் தளங்கள்...

கடைசிக் கட்டம். மேற்பார்வை இன்ஜினீயரின் லைசென்ஸ் எண். எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி!

ஏன்?

வாரியத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினாள்.

பெயர் வந்தது... ப்ரெல் இல்லை!

ஹார்லன் ஃபீல்டிங். காலமாகிப் பதினோரு வருடம்!

 நாடின், ரஸ்னாக்கின் கார்டைப் பார்த்து எண்களை அழுத்தினாள். மறுமுனை "ஹலோ" சொன்ன அதே நொடி...

அறைக் கதவு திறந்தது.

ரிசீவரை வைக்காமல் வரைபடங்களுக்கு அடியில் தள்ளினாள்.

"என்ன பார்த்துட்டிருக்கே, நாடின்?"

"வெஸ்ஸோட படிவம் சார். உங்க லைசென்ஸ் நம்பர்... செத்துப்போனவரோடதா இருக்கு."

 ப்ரெல் மெல்லச் சிரித்தார்.

"நீ புத்திசாலிப் பொண்ணு. நாலு வருஷம் வாயை மூடிட்டு இரு. முதல் ஆளா உனக்குக் கையெழுத்து போடறேன்."

"அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு சார்?"

"அவனும் இதைத்தான் கேட்டான்!" ப்ரெல் வெடித்தார். "என் நாலு வருஷம் குப்பையான்னு கேட்டான்! என் சட்டையைப் பிடிச்சான்! கத்தாதேடான்னேன்... ஒரே தள்ளு..."

"எங்க சார்?"

"அஞ்சாவது மாடியில..."

"அந்தப் பக்கமே போகலைன்னீங்க!"

ப்ரெல்லின் கண்கள் வரைபடங்களுக்கு நகர்ந்தன. தொலைபேசிச் சுருள் வயர் வெளியே நீட்டிக் கொண்டிருந்தது!

காகிதத்தில் முத்திரை அழுத்தும் இரும்புக் கருவியைத் தூக்கினார். நாலு கிலோ இருக்கும். நாடின் நாற்காலியை அவர் முழங்காலில் உதைத்துத் தள்ளினாள். கருவி அவள் காதை உரசிச் சுவரில் மோதியது...

"கையைத் தூக்குய்யா!"

வாசலில் ரஸ்னாக். ஒரு கையில் துப்பாக்கி. இன்னொரு கையில் செல்போன்.

"கீழ வண்டியில உக்காந்து எல்லாத்தையும் போன்ல கேட்டேன். சாண்ட்விச்சைப் பிரிக்கறதுக்குள்ள கதையே முடிஞ்சுடுச்சு."

விலங்கு மாட்டினாள். நாடின் சுவரைப் பிடித்துக் கொண்டு கேட்டாள்:

"உங்க சொந்த லைசென்ஸ் என்னாச்சு சார்? ரத்து பண்ணிட்டாங்களா?"

ப்ரெல் தலை குனிந்தார்.

"இருந்தாத்தானே ரத்து பண்ண! ஃபீல்டிங்கிட்ட படம் வரைஞ்சிட்டிருந்தேன். அவர் செத்ததும் அவர் நம்பரை எடுத்துக்கிட்டேன்... நீ பாஸானியே, அந்த முதல் பரீட்சை... ஏழு தடவை எழுதினேன். ஏழு தடவையும் ஃபெயில்!"

ரஸ்னாக் விசிலடித்தாள். "அப்ப இந்த ஆபீஸ்ல பரீட்சை பாஸான ஒரே ஆள் இப்ப நீதான்மா!"

நாடின் திரும்பிப் பார்த்தாள். அலமாரி நிறையச் சுருட்டி வைத்த வரைபடங்கள். ஒவ்வொன்றிலும் வட்டமாக ஒரு முத்திரை. அதை நம்பித்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள், லாரிகள் ஓடுகின்றன. வெஸ்ஸின் நான்கு வருடமும் அதற்குள்தான் கிடந்தது.

அழுகை இப்போதுதான் வந்தது.

ரஸ்னாக் அவள் தோளில் கை வைத்தாள். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"ஏம்மா... இந்த ஆபீஸ் கட்டடத்துக்கு முத்திரை குத்தினது யாரு?"

"இவர்தான் மேடம்."

"அப்ப உன் வாக்குமூலத்தைத் தெருவுல நின்னே எழுதிக்கறேன்... வா, சீக்கிரம்!"