ஷரபுதீன் எழுதிய அறிவுத் தேர்வு

ஆஃப்ஷீனுக்கு நூற்று முப்பத்து நான்கு வந்தது. ஷர்வினுக்கு எழுபத்தொன்பது.

இருவரும் ஈப்போ நகரை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரே தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறார்கள். சனிக்கிழமை மாலை ஆஃப்ஷீனின் அத்தா நடத்தும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, அவளுடைய அம்மாவின் கைப்பேசியில் அந்தத் தேர்வை எழுதினார்கள். ‘உங்கள் ஐ.கியூ. எவ்வளவு? இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்’ என்று ஓர் இணையத்தளம் அழைத்தது. வட்டங்கள், முக்கோணங்கள், விடுபட்ட எண்கள் என்று கேள்விகள் வந்தன. கடைசியில் மதிப்பெண் வந்தது.

அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை ஆஃப்ஷீன் தன் மதிப்பெண்ணை வகுப்பு முழுவதும் சொன்னாள். “ஷர்வினுக்கு எவ்வளவு?” என்று சுரேன் கேட்டான். யோசிக்காமல் அதையும் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து ஷர்வினுக்குப் புதுப்பெயர் வந்துவிட்டது.

“ஏய் எழுபத்தொன்பது, பென்சில் இருக்கா?” என்று கேட்டான் சுரேன்.

ஷர்வின் பென்சிலைக் கொடுத்தான்.

கோலா கங்சார் நகரில் பள்ளிகளுக்கு இடையே பாலம் கட்டும் போட்டி நடக்கவிருந்தது. ஐஸ்கிரீம் குச்சிகளாலும் பசையாலும் பாலம் கட்ட வேண்டும். அதிக எடையைத் தாங்கும் பாலம் வெல்லும். ஷர்வின்தான் பாலத்தை வரைந்திருந்தான். ஆஃப்ஷீனும் சுரேனும் அவனோடு குழுவில் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அவன் கலாதேவி டீச்சரிடம் போய், “டீச்சர், எனக்குப் பதிலா வேற யாரையாச்சும் சேத்துக்குங்க” என்று சொல்லிவிட்டான்.

ஆஃப்ஷீன் அவன் பின்னாலேயே ஓடினாள். “ஏன் ஷர்வின்?”

“டெஸ்ட்தான் சொல்லிருச்சே லா. நான் கட்டுனா விழுந்துரும். உங்களுக்கும் கெட்ட பேரு.”

அவன் கோபமாகப் பேசியிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை. உண்மையைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னான். அதுதான் அவளுக்கு வலித்தது.

அன்று மாலை ஆஃப்ஷீன் கடையில் உட்கார்ந்து யோசித்தாள். அறிவியல் பாடத்தில் எதை அளந்தாலும் ஒருமுறை அளந்து நிறுத்தக் கூடாது, மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும். அந்தத் தேர்வை மட்டும் ஏன் ஒரே முறையோடு நம்பினோம்?

அம்மாவின் கைப்பேசியை வாங்கி மறுபடியும் எழுதினாள். உள்ளுக்குள் சின்ன ஆசை. இந்த முறை நூற்று நாற்பது வந்தால் எப்படி இருக்கும்?

நூற்று இரண்டு வந்தது.

ஆஃப்ஷீனின் முகம் வாடியது. ஒரு சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் அவ்வளவு அறிவும் எங்கே போயிருக்கும்?

அப்போது அவளுடைய தம்பி ஷரபுதீன் மேசைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தான். அவனுக்கு இரண்டு வயது. கையில் பாதி ரொட்டி சானாய், வாயில் மீதி. கைப்பேசியைப் பார்த்ததும், “எனக்கு” என்றான்.

ஆஃப்ஷீன் தேர்வை முதலிலிருந்து திறந்து அவனிடம் கொடுத்தாள். அவன் எண்ணெய் விரலால் கண்ட இடத்தில் எல்லாம் தட்டினான். ஒருமுறை மூக்காலும் தட்டினான்.

‘வாழ்த்துகள்! நீங்கள் அரிய சிந்தனையாளர். நூற்று இருபத்தேழு.’

ஆஃப்ஷீன் விழுந்து விழுந்து சிரித்தாள். “அத்தா, தம்பி மேதையாம்.”

“அப்படியா? முதல்ல அந்த மேதைக்கு மூக்கத் துடச்சு விடு” என்றார் அத்தா, தே தாரேக் தேநீரை ஆற்றிக்கொண்டே.

சிரித்து முடித்ததும் அவளுக்கு வேறொன்று உறைத்தது. எழுபத்தொன்பது பொய் என்றால், நூற்று முப்பத்து நான்கும் பொய்தான். அந்த எண் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

மறுநாள் அவள் டீச்சரிடம் அனுமதி கேட்டு, வகுப்புக் கணினியில் அந்தத் தேர்வைத் திறந்தாள். நடந்ததை எல்லாரிடமும் சொன்னாள். சுரேன் நம்பவில்லை.

“அப்போ நீயே எழுது. ஆனா திரையப் பாக்கக் கூடாது” என்றாள்.

சுரேன் சுவரைப் பார்த்து நின்றான். “ஏ... சி... மறுபடி சி... பி...” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஆஃப்ஷீன் அப்படியே அழுத்தினாள். நூற்று இருபத்தொன்று வந்தது.

“பாத்தியா, நான் கெட்டிக்காரன்” என்று துள்ளினான் சுரேன். வகுப்பே சிரித்தது. அவன் ஒரு நொடி விழித்தான். “ஓ, நான் ஒரு கேள்வியும் பாக்கலல்ல.” பிறகு ஆஃப்ஷீனைப் பார்த்து, “அப்போ உன்னோட நூத்தி முப்பத்து நாலு?”

“அதுவும் சும்மாதான் லா.”

சொல்லும்போது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. சொன்ன பிறகு அவ்வளவு இல்லை.

“டீச்சர், உண்மையான டெஸ்ட்டே கிடையாதா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“இருக்கு. அதுக்குன்னே படிச்சவங்க பக்கத்துல உக்காந்து நிதானமா செய்வாங்க. அவங்களும் ஒரே ஒரு எண்ண வச்சு உங்களப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட மாட்டாங்க” என்றார் டீச்சர்.

ஓய்வு நேரத்தில் ஆஃப்ஷீன் ஷர்வின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “உன் மார்க்க நான் சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான்.”

ஷர்வின் தரையைப் பார்த்தான். “டெஸ்ட் பொய்னா, நான் கெட்டிக்காரன்னு ஆயிருமா?”

“அது எனக்குத் தெரியல. ஆனா நீ இல்லாம நாங்க ஒட்டுன பாலம் நடுவுல தொங்குது. வந்து பாரேன்.”

ஷர்வின் வந்தான். பாலத்தைத் தூக்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான்.

“முக்கோணத்த யாரு தலைகீழா ஒட்டுனா?”

சுரேன் மெதுவாகக் கையைத் தூக்கினான். அந்தக் கையிலும் இரண்டு குச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. “நான்தான் மச்சான். நான் உன்னக் கூப்பிட்ட பேருக்கும் சாரி.”

ஷர்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, பசைய எடு.”

போட்டியில் அவர்கள் பாலம் மணல் பைகளை ஒவ்வொன்றாகத் தாங்கியது. மற்ற பாலங்கள் ஒடிந்த பிறகும், அதுவும் இன்னொரு பள்ளியின் பாலமும் நின்றன. கடைசிப் பையில் அவர்கள் பாலம் மடமடவென்று முறிந்தது. இரண்டாம் பரிசு கிடைத்தது.

ஈப்போவுக்குத் திரும்பும் வேனில் சுரேனும் ஆஃப்ஷீனும் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்கள். ஷர்வின் மட்டும் முறிந்த பாலத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு குச்சியாகத் தடவிக்கொண்டே வந்தான்.

“இங்கதான் உடஞ்சிருக்கு” என்று அவன் திடீரென்று தலைநிமிர்ந்தான். கண்கள் பளபளத்தன. “அடுத்த தடவ எப்படிக் கட்டணும்னு எனக்குத் தெரியும் லா.”