தூபா முடிக்காத புத்தகம்

பூஜைக்கு அடுக்கிய புத்தகங்களின் மேல் போர்த்தியிருந்த பட்டுத்துணி அசைந்தது. ஸ்ரீநாத் மின்விசிறியைப் பார்த்தான். விளக்கு அணைந்துவிடக் கூடாதென்று அவனே நிறுத்தியிருந்தான். ஜன்னலும் சாத்தியிருந்தது. அப்புறம் துணிக்கடியிலிருந்து ஒரு சத்தம், மெல்லிய தாளை யாரோ பதமாகத் தூக்கிப் புரட்டுகிற மாதிரி.

அந்தச் சத்தம் அவனுக்கு அத்துப்படி. பழைய ஆங்கில நாவல்கள், தோல் அட்டை, தங்க ஓரம், உள்ளே வண்ணப்படங்கள், ஒவ்வொரு படத்தின் மேலும் வெங்காயச் சருகு போல ஒரு காப்புத்தாள். மயிலாப்பூர் வீட்டில் கண்ணாடி அலமாரி நிறைய வைத்திருந்தான். ஒன்றையாவது படித்திருப்பானா? மூச்! மகள் வர்ஷினி கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அலமாரி முன் நிற்க வேண்டும்.

வரிசையில் ஒன்று மட்டும் குறைந்தது. அது ராயப்பேட்டையில் பழைய பேப்பர் கடை பீர் முஹம்மதுவிடம் வந்திருந்தது; போன வாரம் போனபோது அவர் மகள் தூபாவின் கையில் இருந்தது. நோயில் துரும்பாக இளைத்த குழந்தை, படுத்தபடியே விரலால் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள். தங்க ஓரம் பாழாகிறதே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. கேட்ட விலையைக் கொடுத்தான், கையிலிருந்து உருவிக்கொண்டான்.

"கொஞ்சம்தான் பாக்கி கீது சார்," என்றாள் தூபா. அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இன்று காலை பீர் முஹம்மது போன் செய்தார். "ஆஸ்பத்திரில கீறோம் சார். புள்ள அந்த புக்கையே கேட்டுகினு கீது. ஒரே ஒரு தபா குடுங்க. முடிச்சதும் நானே கொண்டாந்து குடுத்துடறேன்."

"இன்னிக்கு சரஸ்வதி பூஜை பாய். புஸ்தகமெல்லாம் பூஜைல வெச்சாச்சு. நாளைக்குக் காலம்பற வரைக்கும் தொடக்கூடாது."

பச்சைப் பொய். புத்தகம் அலமாரியில்தான் இருந்தது. போனை வைத்த கையோடு எடுத்துவந்து, பூஜைப் பலகையில் முதல் ஆளாக அதை வைத்தான். என்ன சாமர்த்தியம்! மத்தியானம் பீர் முஹம்மது மறுபடி கூப்பிட்டார். "வேணாம் சார். புள்ள பூட்சு," என்றார், அவ்வளவுதான். பாவி, அதற்கப்புறம் இரண்டாவது டம்ளர் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தான்.

இப்போது விளக்கு வைக்கும் நேரம். வெளியே மழை பிடித்திருந்தது. பட்டுப்பாவாடை கசங்க வர்ஷினி அவன் மடியில் சாய்ந்திருந்தாள். கற்பூரம், சுண்டல், ஈரச் சுவர் எல்லா வாசனைக்கும் அடியிலிருந்து ஆஸ்பத்திரித் தரை கழுவும் மருந்து நெடி மெதுவாக ஏறி வந்தது.

மறுபடி பக்கம் புரண்டது.

"கொழந்தை என்ன பண்றா?" சமையலறையிலிருந்து அவன் மனைவி ஜானு கேட்டாள்.

"தூங்கறா."

தூங்கவில்லை. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. குனிந்து காது கொடுத்தான். ஆங்கிலம். கடினமான, பழைய ஆங்கிலம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயசுக் குழந்தை. துணிக்கடியில் பக்கம் புரளும்வரை உதடுகள் நின்றன. புரண்டது. மீண்டும் அசைந்தன.

"வர்ஷினி."

நெற்றியைத் தொட்டான். ஐஸ்.

பக்கம் புரண்டது. இன்னொன்று. வேகம் கூடியது.

புத்தகத்தைப் பிடுங்கிவிட்டால் போதும், குழந்தை பிழைத்துவிடும். கை நீட்டினான். அந்த நிமிஷத்திலும் தங்க ஓரத்தில் எச்சில் பட்டிருக்குமோ என்றுதான் முதலில் தோன்றியது. கை தயங்கியது.

சத்தம் நின்றது.

சில்லிட்ட சின்ன விரல்கள் அவன் மணிக்கட்டைப் பிடித்தன. "இன்னிக்குத் தொடக்கூடாதுல்ல சார்?"

சார்.

துணியை இழுத்து எறிந்தான். புத்தகம் கடைசிப் படத்தில் திறந்திருந்தது. மேலே காப்புத்தாள். எழுந்தது. தாழ்ந்தது. அடியில் பட்டுப்பாவாடை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு குழந்தை. வாய் திறக்கும் இடத்தில் தாள் ஈரமாகியிருந்தது. அப்பா என்பது போலிருந்தது அந்த வாயசைவு.

நகத்தால் தாளைக் கிளப்பினான். நாலு பக்கமும் ஒட்டியிருந்தது. இழுத்த மூலையில் பாவாடையின் சாயம் தாளோடு உரிந்து வந்தது. உள்ளே குழந்தை துடித்தது. கையை எடுத்துக்கொண்டான்.

"வர்ஷினி, சாப்பிட வாடி!"

"தோ வரேன்," என்று மடியிலிருந்து இறங்கியது அது. விரலை நாக்கில் தொட்டுக்கொண்டே சமையலறைக்கு நடந்தது.

தாள் எழுந்தது. தாழ்ந்தது.

மறுபடி எழ வெகு நேரமாயிற்று.