சுவரில் மூன்று கண்ணாடிக் குழல்கள்

“தண்ணி நின்னு போச்சு!”

குளியலறைக்குள்ளிருந்து கணவனின் குரல் வந்ததும் அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. இன்னும் வெயில்கூட ஏறவில்லை. அதற்குள் மாடித் தொட்டி காலி!

“உன் பொண்டாட்டியைக் கேளுடா,” ஹாலிலிருந்து மாமியார் சொன்னாள். “ஓட்டைக்கை மகாராணி குழாயைத் திறந்து விட்டுட்டுக் கனவு கண்டிருப்பா.”

“அத்தை... நான் இன்னும் பாத்திரமே கழுவலை...”

“அப்ப தொட்டியே குடிச்சிடுச்சாக்கும்!”

முகத்தில் சோப்பு நுரையோடு வெளியே வந்த கணவன் தலையில் அடித்துக்கொண்டான். “ஊருக்கெல்லாம் தண்ணி மிச்சம் பண்ற வீடு போட்டுக் குடுக்கிறா! சொந்த வீட்ல ஒரு குழாயை மூடத் தெரியல!”

அதுதான் அவளை அறுத்தது. வீடுகளுக்கு உள்ளமைப்பு வரைவது அவள் வேலை. கை கழுவிய தண்ணீரே கழிப்பறைக்கும் பயன்படுகிற மாதிரி குளியலறை போடுவதில் பேர் வாங்கியவள். வெளியே அந்தப் பேர், வீட்டுக்குள் ஓட்டைக்கை. ஆரம்பத்தில் தன்மீதே அவளுக்குச் சந்தேகம். படுத்தவள் எழுந்துபோய் ஒவ்வொரு குழாயாகத் திருகிப் பார்ப்பாள். வாளியில் பிடித்து மொண்டு புழங்கினாள். அப்படியும் தொட்டி காலியாகிக்கொண்டுதான் இருந்தது.

அதையும் பொறுத்திருப்பாள். ஆனால், அவளுடைய அப்பா வந்திருந்த அன்று சாப்பிட்டு எழுந்தவர், குழாயில் வெறும் காற்று வர, எச்சில் கையோடு நின்றார். “உங்க பொண்ணைத்தான் கேக்கணும் சம்பந்தி. நீங்க வளர்த்த லட்சணம்!” என்றாள் மாமியார். அப்பா கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, “பரவால்லம்மா...” என்று மகளைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டில் சாப்பிட உட்காரவே இல்லை. வந்தாலும் வாசலோடு போய்விடுவார்.

அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. தொட்டியைக் காலி செய்வது தான் இல்லை என்றால் வேறு யார்? கணவன் காலையில் போனால் இரவில் வருகிறவன். மிச்சம் ஒரே ஆள்தான். ‘இருங்க அத்தை... எனக்கும் ஒரு நாள் வரும்!’

அந்த நாள் பழைய குழாய்கள் துருப்பிடித்ததால் வந்தது. வீட்டையே மாற்றிப் போட வேண்டிய நிலை. “வெளி ஆள் எதுக்கு, நீயே வரைஞ்சிடு,” என்றான் கணவன். கத்தி தீட்டுகிற மாதிரி வரைந்தாள். குழாய் முனைகளில் காற்றைக் கலந்து தண்ணீரை மெல்ல விழவைக்கும் சல்லடை. குளித்த தண்ணீர் வடிகட்டி வழியாகக் கழிப்பறைக்கு. காய் கழுவிய தண்ணீர் ஜன்னலோரச் செடிகளுக்கு. இவையெல்லாம் வீட்டுக்காக. ஒன்று மட்டும் அவளுக்காக.

சாப்பாட்டறைச் சுவரின் உச்சியில் ஒல்லியான மூன்று சின்னத் தொட்டிகள். சமையலறைக்கும் கை கழுவும் இடத்துக்கும் ஒன்று, அவளும் கணவனும் இருக்கும் அறையின் குளியலறைக்கு ஒன்று, மாமியார் அறைக் குளியலறைக்கு ஒன்று. காலையில் ஒருமுறை நிரம்பும். அந்தந்தப் பக்கத்துக்கு அன்றைக்கு அவ்வளவுதான். ஒவ்வொரு தொட்டியின் முகப்பிலும் ஒரு கண்ணாடிக் குழல், அதில் மிதக்கும் ஒரு வண்ண மணி. தண்ணீர் இறங்கினால் மணியும் இறங்கும்.

“என்னம்மா இது, மூணு பேருக்கு டிரிப்ஸ் ஏத்துற மாதிரி இருக்கு?” என்று கேட்டார் பிளம்பர்.

“வைத்தியம்தான் அண்ணே,” என்றாள்.

மாமியாரிடம் அலங்காரம் என்று சொல்லிவைத்தாள். வேலை முடிந்த மறுநாளே சொந்தக்காரர்களை விருந்துக்கு அழைத்தாள். அப்பாவைக் கெஞ்சி வரவழைத்தாள். அவர் வேண்டும். அவர் கண்ணெதிரே நடக்க வேண்டும்!

“இந்தச் சுவர்ல உன் தங்கச்சி போட்டோ ஒண்ணு இருந்துச்சே?” சாப்பிட்டுக்கொண்டே கணவனிடம் கேட்டார் அவன் சித்தப்பா.

“வீட்டை மீறி எவனையோ கட்டிக்கிட்டுப் போனவளுக்குப் போட்டோ ஒரு கேடா?” கணவன் தட்டைத் தள்ளினான். “அவ பேச்சை யார் எடுத்தாலும் இந்த வீட்ல நான் இருக்க மாட்டேன். சொல்லிட்டேன்!”

மாமியாரின் மடியிலிருந்த போன் அதிர்ந்தது. எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் திறக்கும் சத்தம். கொஞ்சத்தில் ஷவரும்.

சிவப்பு மணி இறங்கத் தொடங்கியது.

“அது என்னம்மா இறங்குது?” என்றார் சித்தப்பா.

“அத்தையோட தண்ணி, சின்ன மாமா.” அவள் அப்பா பக்கம் திரும்பினாள். “அப்பா, நல்லா பாருங்க. யார் கை ஓட்டைன்னு பாருங்க!”

“அண்ணி குளிக்கிறாங்களா, கப்பல் கழுவுறாங்களா?” சித்தப்பா சிரித்தார். அவள் நெஞ்சு குளிர்ந்தது. பாதி... கால்... மணி அடியில் போய் உட்கார்ந்தது. தண்ணீரின் இரைச்சல் நின்றது.

அந்த அமைதியில் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

“...குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுச்சாடி? அழாதே கண்ணு... உன் அண்ணன் காதுல விழுந்தா என்னை உன்கூடப் பேசவே விடமாட்டான்டி...”

கதவைத் திறந்த மாமியார் எல்லா முகங்களையும் பார்த்தாள். காலிக் குழலைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

“ஆமாம்மா... நான்தான்.” மருமகள் முன்னால் உடைந்து நின்றாள். “பேசறது வெளியே கேக்கக் கூடாதுன்னு திறந்து விட்டேன். பழி உன்மேல விழுந்தப்போ... விழட்டும்னு இருந்துட்டேன். என் பொண்ணுக்காக உன்னைப் பலி குடுத்துட்டேன்...”

“எங்க அப்பாவையும் சேர்த்து, அத்தை.” அவள் கண்கள் நிறைந்தன. “இன்னைக்கு என்னால மன்னிக்க முடியல... பொய் சொல்ல மாட்டேன்.”

“அம்மா! எனக்குத் தெரியாம...” கணவன் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தான்.

அவள் திரும்பினாள். இத்தனை நாள் தீட்டிய கத்தி யாருக்கு என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

“கத்தாதீங்க! பெத்த பொண்ணோட பேச ஒரு தாய்க்குக் குழாயைத் திறந்து விட வேண்டியிருக்கு. இந்த வீட்டுத் தண்ணியெல்லாம் உங்க வீராப்புலதாங்க போச்சு!” மாமியாரின் கையிலிருந்த போனை வாங்கி, ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தாள். “இனிமே இங்க உக்காந்து பேசுங்க அத்தை.” கணவனைப் பார்த்தாள். “அவ பேச்சை எடுத்தா இருக்க மாட்டேன்னு சொன்னீங்கல்ல? கதவு திறந்துதான் இருக்கு. போறதுன்னா போங்க.”

அவன் வாசல்வரை போனான். போனிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது. “அண்ணா... இருக்கியா?”

அவன் கை கதவிலேயே நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்து, கவிழ்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தான். “...பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?”

அவளுடைய அப்பா எழுந்தார். கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் மெல்ல, நிற்காமல் வந்தது. அவசரமில்லாமல் விரல் விரலாகக் கழுவினார். அவர் திரும்பியபோது மாமியார் துண்டை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

“துடைச்சுக்குங்க சம்பந்தி...”

சுவரில் சமையலறையின் நீல மணி ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. அவள் அதைப் பார்த்தபடியே அழுதாள்.