வீரம்மா முகம் ஒட்டிய போத்தல்

"ஐயோ...!"

ஈப்போவில், சிலிபின் பகுதியின் அந்தக் கடைசி வரிசை வீட்டிலிருந்து எழுந்த அலறல், தெருமுனை ரொட்டி சானாய்க் கடை வரைக்கும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி.

அலறியவள் சரளா. ஐம்பத்து மூன்று வயது. சக்கர நாற்காலியில் இருந்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மூன்று மாதங்களுக்கு முன்புதான் எடுத்தார்கள்.

அவளுக்கு எதிரே கட்டிலில் அவள் கணவன் ஜெயபாலன். வாயோரம் நுரை. கண்கள் திறந்தபடி...

உயிர் இல்லை!

தலைமாட்டில் ஒரு பச்சைப் போத்தல். பாதி காலி. லேபிளில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே கொட்டை எழுத்தில், 'வீரம்மா மூலிகைக் கஷாயம்'.

அறைக்குள் ஓடி வந்தவன் ஷர்வின். ஜெயபாலனின் அக்கா மகன். முப்பது வயது. அதே வீட்டில்தான் தங்கியிருந்தான். மாமாவைத் தொட்டுப் பார்த்தான். கைப்பேசியை எடுத்தான்.

அம்புலன்சைக் கூப்பிட அல்ல.

காணொளி எடுக்க!

"பாருங்க மக்களே! என் மாமாவ கொன்னுட்டா! அரளி எலைய அரைச்சி ஊத்திக் கொன்னுட்டா இந்த வீரம்மா! எங்க அத்த காலு போனதும் இவளாலதான்! சும்மா விடாதீங்க!"

ஒரு மணி நேரத்தில் ஈப்போ முழுக்க அதைப் பார்த்துவிட்டது.

பதினொன்றரைக்கு வீரம்மா வீட்டுச் சன்னலில் முதல் கல் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் மாதுமை காரிலிருந்து இறங்கியபோது வாசலில் இருபது பேர். கேட்டில் பழைய செருப்புகளைக் கோத்து மாலையாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"எல்லாரும் கெளம்புங்க! இன்னும் ஒரு கல்லு விழுந்துச்சு... அத்தன பேரையும் லாக்கப்புல போட்டுருவேன்!"

கூட்டம் முனகிக்கொண்டே கலைந்தது.

உள்ளே வீரம்மா.

அறுபது வயது. பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அந்தத் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. இருபத்தைந்து வருடங்களாக சனிக்கிழமைதோறும் சிலிபின் சமூக மண்டபத்தில் மூலிகை வகுப்பு நடத்துகிறாள். நாற்பது பெண்கள் வருவார்கள். சளிக்கு எது, சேற்றுப்புண்ணுக்கு எது என்று இலையைக் கையில் கொடுத்துச் சொல்லித் தருவாள்.

அழுதுகொண்டிருப்பாள் என்று மாதுமை நினைத்தாள்.

இல்லை! உடைந்த கண்ணாடியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீச்சிலும் துடைப்பம் தரையை அறைந்தது.

"அம்மா, இந்தப் போத்தல்..." கையோடு கொண்டுவந்திருந்த பச்சைப் போத்தலை மாதுமை நீட்டினாள்.

"என்னுது இல்ல!"

"உங்க படம் இருக்கே?"

"படம் என்னுது. மருந்து என்னுது இல்ல! போத்தல்ல அடைச்சி நான் வித்ததே கெடையாது மேடம். எலையக் குடுப்பேன். வளக்கறதுக்குச் சொல்லிக் குடுப்பேன். அவ்வளவுதான்லா. என் கிளாஸ்ல மொத பாடம் என்ன தெரியுமா? டாக்டர் குடுத்த மாத்திரைய எந்த எலைக்காகவும் நிறுத்தாத! சொல்லிச் சொல்லி என் தொண்டையே போச்சு!"

"சரளா நிறுத்திட்டாங்களே?"

துடைப்பம் நின்றது.

"நேத்து சாயங்காலம் ஜெயபாலன் அண்ணே இங்க வந்தாரு. இந்தப் போத்தல என் மூஞ்சிக்கு நேரா ஆட்டி ஆட்டி ஏசுனாரு. 'உன்ன நம்பி என் பொண்டாட்டி சக்கர மாத்திரைய நிறுத்துனா, புண்ணு அழுகி கால எடுத்துட்டாங்க'ன்னாரு. அப்பத்தான் மேடம் அந்தப் போத்தல நான் மொத மொத பாக்குறேன்!"

"அப்புறம்?"

"நான் செஞ்சது இல்லன்னு சொன்னேன். நம்புனாரு. திங்கக்கெழம ரெண்டு பேரும் சேர்ந்து ரிப்போட் செய்யலாம்னு பேசிக்கிட்டோம். யாரு உங்களுக்கு வித்ததுன்னு கேட்டேன். 'அத ஸ்டேசன்ல சொல்றேன், மொதல்ல நான் ஒருத்தன்கிட்ட பேசணும்'னு போயிட்டாரு."

"யாருகிட்டன்னு சொல்லலையா?"

"சொல்லியிருந்தா இந்தத் தொடப்பம் இந்நேரம் இங்கயா இருக்கும்?"

மாதுமை லேபிளை உற்றுப் பார்த்தாள். "இந்தப் படம் யார் எடுத்தது?"

"அருணன்னு ஒரு தொழிலதிபர். போன வருசம் 'மூலிகைத் தாய்'னு பட்டம் குடுத்து பொன்னாட போத்துனாரு. 'சிரிங்கம்மா, சிரிங்கம்மா'ன்னு அவரே படம் எடுத்தாரு. சிரிச்சேன் பாருங்க... அந்தச் சிரிப்ப செருப்பால அடிக்கணும்!"

அடுத்த சனிக்கிழமை மண்டபக் கதவில் பூட்டு தொங்கியது. நிர்வாகம் வகுப்பை நிறுத்திவிட்டது.

வீரம்மா துணிப்பையில் தூதுவளையோடு வாசலில் ஒரு மணி நேரம் நின்றாள்.

நாற்பது பேரில் ஒருத்திகூட வரவில்லை.

மோட்டார்சைக்கிளில் போன ஒருவன் வேகத்தைக் குறைத்தான். அவள் காலடியில் துப்பினான். போய்விட்டான்.

அவளிடம் படித்த பெண் ஒருத்தியின் புருஷன்தான் அவன். அவன் பிள்ளைக்கு அக்கி வந்தபோது ராத்திரி பகல் பார்க்காமல் ஓடியவள் வீரம்மா.

திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூட அறிக்கை வந்தது. மாதுமை எல்லோரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாள்.

முதலில் அருணன். சலவைச் சட்டை. விரல்களில் மூன்று மோதிரம். மோதிரங்கள் மேசையில் டக்டக்கென்று அடித்துக்கொண்டன.

எதிரே வீரம்மா, அவனைப் பார்வையாலேயே எரித்தபடி.

"ஜெயபாலன் வயித்துல அரளி எல. போத்தல்லயும் அரளி எல. அரைச்சுக் கலந்திருக்கு. போத்தல் உங்க கம்பெனியோடது. இது கொலை, மிஸ்டர் அருணன்!"

"மேடம்! என் மருந்துல அரளியே கெடையாது!"

"அப்ப என்ன இருக்கு?"

"அது... வியாபார ரகசியம்..."

"சரி. ரகசியத்தோட உள்ள போங்க. கான்ஸ்டபிள்!"

"இருங்க! இருங்க! தேத்தூள்!"

"என்னது?"

"தேயிலத் தூளும் சீனியும் மேடம்! கொஞ்சம் கலரு! சத்தியமா ஒரு மூலிகைகூட போடல! அதக் குடிச்சா கொசுகூட சாகாது!"

"அலாமாக்!" என்றார் கான்ஸ்டபிள், தன்னை மறந்து.

வீரம்மாவின் நாற்காலி பின்னால் கவிழ்ந்தது.

"அடப்பாவி! தேத்தண்ணிக்கா என் மூஞ்சிய ஒட்டுன? அத நம்பி ஒருத்தி காலு போயிருச்சேடா!"

அருணனின் சட்டைக் காலர் அவள் கையில் இருந்தது. பிரித்தெடுக்க இரண்டு போலீஸ்காரர்கள் வேண்டியிருந்தது!

"சிலிபின்ல இத யாரு வித்தது?" மாதுமை கேட்டாள்.

அருணன் மூச்சிரைத்தான். கதவுப் பக்கம் விரலை நீட்டினான்.

"இதோ வர்றானே... இவன்தான் என் ஏஜண்டு!"

சரளாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த ஷர்வின், அப்படியே நின்றான்.

சரளா கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"ஏஜண்டா...? வீரம்மா அக்காவே எனக்காகக் காய்ச்சிக் குடுத்தாங்கன்னு சொன்னியேடா?"

"அத்த, நானும் ஏமாந்துட்டேன்! போத்தல் வித்தேன், அதுக்காக மாமாவ கொல்லுவேனா? இந்தப் பொம்பளதான் என்னமோ கலந்து..."

"மேடம்!" வீரம்மாவின் குரல் திடீரென்று தணிந்திருந்தது. அது இன்னும் பயமாக இருந்தது. "அரளி எலன்னு உங்களுக்கே எப்பத் தெரியும்?"

"இன்னிக்குக் காலையில எட்டரைக்கு. டாக்டருக்கும் எனக்கும்தான் தெரியும். இந்த ரூம்லதான் மொத தடவ வாயத் தொறந்தேன்."

"அப்ப இவன் எட்டு நாளைக்கு முன்னாலயே எப்படிச் சொன்னான்?"

வீரம்மா ஷர்வின் முன்னால் போய் நின்றாள்.

"'அரளி எலைய அரைச்சி ஊத்திக் கொன்னுட்டா'... இவன் வீடியோவுல சொன்னது! வெசம்னு சொல்லல. அரளி எல... அரைச்சி! ஊரு அத ஒரு தடவ பாத்துட்டு என் மேல கல்ல எறிஞ்சிச்சு. நான் நூறு தடவ பாத்தேன் மேடம்! வயிறெரிஞ்சி வயிறெரிஞ்சி பாத்தேன். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம்!"

மாதுமை ஷர்வின் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"கோவத்துல... வாயில வந்தத சொன்னேன்லா..." அவன் நெற்றியில் வியர்வை.

"அன்னிக்குக் காலையில மாமாவுக்குக் கோப்பி கலக்குனது நீதானேடா?"

கேட்டவள் சரளா.

"அத்த..."

"எட்டு வருசமா எங்க வீட்டுல சோறு தின்ன. ஒரு நாளு ஒரு கிளாஸ் தண்ணி எடுத்துக் குடுத்ததில்ல. அன்னிக்கு மட்டும், 'நீங்க படுங்க அத்த, நான் கலக்குறேன்'ன்ன. அவரு கசக்குதுன்னாரு. நீ இன்னும் ரெண்டு கரண்டி சீனி போட்டுக் குடுத்த! என் கண்ணு முன்னால குடுத்தடா!"

ஷர்வின் கதவை நோக்கிப் பாய்ந்தான்.

கான்ஸ்டபிள் காலை நீட்டினார். தடாலென்று விழுந்தான்!

"சொந்த மருமவன்னுகூட பாக்கல!" தரையில் கிடந்தபடியே கத்தினான். "மாத்தாகிட்ட, போலீசுகிட்ட புடிச்சிக் குடுப்பேன்னாரு! ராத்திரி முழுக்கக் கெஞ்சினேன்... கேக்கல!"

"அதனால கோப்பியில கலந்த. மிச்சத்த போத்தல்ல ஊத்தின. பழிய இவங்க தலையில போட்ட." மாதுமை பல்லைக் கடித்தாள். "தூக்குங்க இவன!"

அவனை இழுத்துப் போனார்கள். சரளா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. வீரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா... நானும் உங்கள சாவச் சொல்லி சாபம் விட்டேன்க்கா..."

"இன்னிக்கு சக்கர மாத்திர போட்டியா?"

"...இல்லக்கா."

"ஏன்டி! மொதல்ல மாத்திரையப் போடு. மன்னிப்பெல்லாம் அப்பறம் கேளு!" என்று எரிந்து விழுந்த வீரம்மா, தானே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். எட்டு நாட்களில் முதல் முறையாக அவள் கண் கலங்கியிருந்தது.

மூலையில் அருணன் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். முகத்தில் புன்னகைகூட வந்துவிட்டது!

"அப்ப நான் கெளம்பலாமா மேடம்? கொலகாரன் மாட்டிக்கிட்டான். என் மருந்துல ஒன்னுமே இல்லன்னு தெரிஞ்சுபோச்சு."

"அதுக்குத்தான் உங்கள அரெஸ்ட் பண்றோம்."

"ஒன்னுமே இல்லாததுக்கா? மேடம், அது வேலையே செய்யாது!"

கான்ஸ்டபிள் அவன் மணிக்கட்டில் விலங்கை மாட்டிப் பூட்டினார். வீரம்மா திரும்பிப் பார்த்தாள்.

"யாரு சொன்னா? மெதுவாத்தான்லா வேல செய்யும். குடிச்சவளுக்குக் காலப் புடிச்சிச்சு... வித்தவனுக்கு இப்பத்தான் கையப் புடிக்குது!"