மாடிக் குடித்தனம்

கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. படுக்கை விரிப்பின் ஈரத்தைத் தொட்ட நர்ஸுக்கு, காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டதுபோல் கை சட்டென்று பின்வாங்கியது.

ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய முதல் வீடு. மாடியில் குடியிருந்த தம்பதியோடு சேர்த்துத்தான் வாங்கினாள். பழைய வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்த வாடகை ஒப்பந்தம் முடியும்வரை அவர்களைக் காலி செய்யச் சொல்ல முடியாது.

"தங்கமான மனுஷங்கம்மா. இருக்கிற இடமே தெரியாது" என்றார் தரகர்.

உண்மைதான். அவள் குடிவந்த நாளிலிருந்து மாடியில் ஒரு காலடிச் சத்தம் இல்லை, சமையல் வாசனை இல்லை, ஒரு இருமல்கூட இல்லை. அறிமுகம் செய்துகொள்ள மேலே போனபோதும் அந்தக் கணவர் கதவைத் திறக்காமலே பேசி அனுப்பிவிட்டார். குரல் அச்சு அசலாகப் பழைய வீட்டுக்காரரின் குரல். ஏதாவது சொந்தமாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மதியம் பிளம்பர் வந்தார்.

"இதெல்லாம் ஒரு வேலையாக்கா? டீ போடுங்க, ஆறுறதுக்குள்ள வந்துடுறேன்."

சிரித்தபடி ஸ்பானரோடு படியேறினார். மேலே கதவு திறந்து மூடியது. சொட்டுவது நின்றது.

டீ ஆறி ஆடை கட்டியது. ஆள் இறங்கவில்லை.

ஜன்னலில் வெளிச்சம் மங்கியபோது அவளே மேலே போனாள். பூட்டியே கிடந்த அலமாரியைத் திறந்ததுபோல் ஒரு புழுங்கிய வாடை, படிக்குப் படி கனத்து, மூக்கை அடைத்தது. கதவைத் தட்டினாள்.

"தம்பி, இன்னும் முடியலையா?"

"முடிஞ்சுதுக்கா." பிளம்பரின் குரல்தான். அதில் சிரிப்பில்லை. மூச்சும் இல்லை. "நான் அப்பவே கீழ போயிட்டேனே."

"என்னப்பா விளையாட்டு இது? கதவைத் திற."

தாழ்ப்பாள் விலகியது.

கட்டில் இல்லை. அடுப்பில்லை. ஆளில்லை. தரை முழுக்கத் தூசி. அதில் பிளம்பரின் செருப்புத் தடம் அறையின் நடுவரை போயிருந்தது. அங்கே ஸ்பானர் கிடந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அறையின் நடுவிலிருந்து அவளுடைய குரல் கேட்டது.

"உள்ள வாங்க. ஏன் வெளியவே நிக்கிறீங்க?"

தூசியில் ஒரு வெறுங்கால் பதிந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. இன்னொன்று.

அவள் கால் நகரவில்லை.

அடுத்த தடம் நிலைப்படி ஓரத்தில், அவள் கட்டைவிரலுக்கு எதிரே, விரல் விரலாக விழுந்தது.